மைதீன் பாட்சா பொருத்தம் கேட்கப் போனது

கப்பலில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று பம்பாயிலிருந்து தந்தி வந்த அன்று கதீஜம்மாள் அழுத அழுகையில், யாரோ மவுத்தாகிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். நாலு வருஷம் மனுப்போட்டுக் கிடைத்த ஹஜ்ஜுப் பயணம். அவளோ இருதய நோய்க்காரி. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லத் துணியவில்லை. பிள்ளையும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. சொந்தத்தில் ஆண் துணை இல்லாமல் பெண் ஹஜ்ஜுக்குப் போக முடியாது; புருஷன் கூட வந்தால்தான் அவளுக்குப் பயணம்.

புருஷன் மைதீன் பாட்சாவை அந்த எண்பத்துநாலாம் வருஷம் சங்கரன்கோவிலில் தெரியாதவர் கிடையாது. தள்ளுவண்டியில் பீப்பாயை வைத்துத் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் கூவி விற்றவர். பிறகு ரேஷன் மண்ணெண்ணெய்க் கடை, பிறகு மொத்த ஏஜென்சி, ராஜபாளையம் ரோட்டில் பெட்ரோல் பங்க். இப்போது கேஸ் ஏஜென்சிக்கு இன்டர்வியூ முடிந்து உத்தரவுக்குக் காத்திருந்தார். ஊரில் அடுப்பு எரிந்தாலும் வண்டி ஓடினாலும் அவர் கை படாமல் இல்லை. மனிதர் குணமும் தங்கம்தான். ஒரே ஒரு காரியத்தைத் தவிர.

எழுபத்துநாலில் மண்ணெண்ணெய்க்கு ஊரே தவித்தது. வரவேண்டியதில் முக்கால்வாசிதான் வந்தது. வரிசையில் கடைசியில் நிற்பவர்கள் வெறும் டப்பாவோடு திரும்பக்கூடாது என்று லிட்டர் அளவையின் அடியைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஒடுக்கினார். எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்தது, எல்லோருக்கும் கிடைத்தது. நல்ல மனசில் செய்ததுதான். ஆனால் மறு வருஷம் சரக்கு முழுசாக வந்தபோது ஒடுக்கை நிமிர்த்த வேண்டியவர், நிமிர்த்தவில்லை. மிஞ்சிய எண்ணெய்தான் ஏஜென்சி ஆனது, பங்க் ஆனது. முத்திரை போட வருகிற அதிகாரிக்குக் காட்ட வேறு அளவை இருந்தது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஊரில் எல்லோரிடமும் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மனுஷனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும் என்பது கணக்கு. மைதீன் பாட்சாவும் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச குத்தத்தைப் பொருந்திக்கிடணும்."

"பொருந்திக்கிட்டோம் முதலாளி. எங்களுக்காகவும் துஆ கேளுங்க."

அவ்வளவு சுலபம். என்ன குற்றம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுத்த மன்னிப்பெல்லாம் அவர் நெஞ்சில் கல்லாகத்தான் விழுந்தது.

நெசவாளர் தெருவில் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த இசக்கியம்மாள்தான் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன குத்தம்னு சொல்லுங்க முதலாளி. தெரியாம எப்படிப் பொறுக்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் இத்தனை நாளும் அந்த ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர்போல மைதீன் பாட்சா அளவையின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டார். சொன்னபோது உடம்பே லேசானது. இசக்கியம்மாள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"எம் மக கோமதித்தாய்தான் உங்க கடைக்கு வருவா," என்றாள். "டப்பாவுல எப்பவும் விரக்கடை குறைஞ்சிருக்கும். வழியில வித்துத் தின்னுட்டு வருதான்னு நெனச்சேன். ஒரு நாள் உங்க கடை வரிசையிலேயே, அத்தன பேரு முன்னாடி, களவாணின்னு சொல்லி அடிச்சேன். வீட்டுல கரண்டியைக் காய்ச்சித் தொடையில சூடும் வச்சேன். இளையரசனேந்தல்ல கட்டிக்கொடுத்து ஏழு வருசமாச்சு. இன்னும் எங்கிட்ட முகங்கொடுத்துப் பேசல."

இசக்கியம்மாள் நூலை மறுபடி கையில் எடுத்தாள்.

"என் பங்கைப் பொறுத்துக்கிடுதேன் முதலாளி. அவ களவாணி இல்லன்னு அதே வரிசை முன்னாடி நீங்க சொல்லணும். சொல்லிட்டு மகராசனாப் போயிட்டு வாங்க."

அவள் கேட்டது நியாயம். அதுதான் அவரைக் கொன்றது. சொன்னால் மண்ணெண்ணெய் லைசென்ஸ் போகும், கேஸ் ஏஜென்சி கைக்கு வராது. அவை தொலையட்டும். போலீஸ் வழக்கு விழுந்தால் பயணம் நிற்கும். கதீஜம்மாளிடம் என்னவென்று சொல்வது? சொல்லாமல் போனாலோ, அந்தப் பெண் பட்ட சூட்டைத் தாண்டி அவருடைய ஹஜ்ஜு எங்கே போய்ச் சேரும்? மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஹஜ்ஜு நினைப்பு என்று கதீஜம்மாள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று அவருக்கும் கதீஜம்மாளுக்கும் மாலை போட்டுக் காரில் ஏற்றி, ஊர்வலமாக ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். வழியில் அவருடைய கடை. கடை முன்னால் வரிசை. வரிசையில் டப்பாவோடு இசக்கியம்மாள். "நிறுத்துப்பா," என்று இறங்கியவர், நேரே உள்ளே போய் அளவையை எடுத்துக்கொண்டு வந்து படியில் நின்றார். எதைப் பற்றியும் இனி யோசிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தார்.

"மக்கா, இந்த அளவையில நான்..." குரல் உடைந்தது.

அவ்வளவுதான். அளந்து கொடுத்த கடையை விட்டுப் பிரிய மனசில்லாமல் முதலாளி அழுகிறார் என்று வரிசையே உருகிவிட்டது. "பொருந்திக்கிட்டோம் முதலாளி, பொருந்திக்கிட்டோம்," என்று நூறு குரல். யாரோ அளவையை வாங்கி உள்ளே கொடுத்தார்கள். யாரோ கண்ணைத் துடைத்துவிட்டார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நாலு பேர் சேர்ந்து அவரைத் தாங்கிக் காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

இசக்கியம்மாள் மட்டும் வரிசையை விட்டு வந்து கார் ஜன்னலருகே குனிந்தாள்.

"முடிச்சுச் சொல்லுங்க முதலாளி. நான் நிக்கேன்."

கார் மெல்ல நகர்ந்தது. கூட்டத்துக்குள் ஊர்ந்துதான் போனது. நிறுத்து என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். ஜன்னலோரமாகக் கொஞ்ச தூரம் கூடவே நடந்த இசக்கியம்மாள், பிறகு நின்றுவிட்டாள்.

"ஊர்ல ஒரு ஆளு பாக்கியில்லாம பொருந்திக்கிட்டாங்க, பாத்தீங்களா?" என்று கதீஜம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை.

"ஆமா," என்றார் மைதீன் பாட்சா.