ஜன்னலோர அறைக்கு இரண்டு பேர்

மத்தியானப் பேருந்திலிருந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் ரோசெந்தா கையிலிருந்த அட்டையைத் தாழ்த்தவில்லை. ‘அர்கெலியா’ என்று அதில் பெரிதாக எழுதியிருந்தாள். காஸ்த்ரோ ஊர் மழைக்குக் குடை பிடிப்பதில் பிரயோசனமில்லை, காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். எழுத்து கரைந்து அவள் கையில் வழிந்தது.

கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் வீடு அவளுடையது. கணவன் போன பிறகு மாடி அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தீர்மானித்திருந்தாள். இந்தக் கோடையில் ஆள் வராவிட்டால் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று புவெர்த்தோ மோன்ட் நகரத்திலிருக்கும் மகள் விவியானா கறாராகச் சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் வலைத்தளம் இருக்கிறது, நமக்கும் வேண்டும் என்று கிளம்பினால், தலைநகரத்து நிறுவனங்கள் கேட்ட தொகைக்கு வீட்டுக் கூரையையே மாற்றிவிடலாம். கடைசியில் இணையத்தில் தேடி, எல்லோரையும்விடக் குறைவாகக் கேட்ட யோர்மானைப் பிடித்தாள். வெனிசுவேலாவில் மராகைபோக்காரன். அங்கே கரன்ட் இருக்கும் நேரத்தில் வேலை செய்வான். இந்தப் பச்சை வேண்டாம், அந்த நீலம் வை என்று அவனை ஓயாமல் கூப்பிடுவாள். நிறம் ஒரு சாக்குதான். அந்த வீட்டில் பேச வேறு ஆளில்லை.

நேற்றுதான் முதல் முன்பதிவு வந்தது, அர்கெலியா என்ற பெயரில். ஒரு அம்மா, ஒரு மகன், மூன்று இரவுகள், ஜன்னலோரம் படுக்கை வேண்டுமாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விரிப்புகளை இஸ்திரி போட்டாள், சிப்பி வாங்கினாள், உருளைக்கிழங்கைத் துருவி மில்காவ் சுட்டாள். சந்தோஷத்தைச் சொல்ல யோர்மானைக் கூப்பிட்டால் அவன் லைன் கிடைக்கவில்லை.

நனைந்து வீடு திரும்பியபோது அவனே கூப்பிட்டான்.

“அம்மா, அது நான் போட்டது. முன்பதிவு வேலை செய்யுதான்னு சோதிச்சேன். உங்ககிட்ட சொல்றதுக்குள்ள கரன்ட் போயிடுச்சு.”

நாக்கு நுனிவரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு, அர்கெலியா யார் என்று கேட்டாள்.

“எங்கம்மா. ஏதாவது பேர் போடணுமே, கை தானா அடிச்சிருச்சு. எங்க ஊர் ஏரியைத் தவிர வேற தண்ணி பாத்ததில்ல அவங்க.” அவசரமாகச் சேர்த்தான். “இப்பவே அழிச்சிடறேன்.”

“அழிக்காத தம்பி.”

அது இருந்தால் அறை நிரம்பியதாகக் காட்டும், நிஜமாகவே வர நினைப்பவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அவன் பொறுமையாக விளக்கினான். புரியுது, இருந்துட்டுப் போகட்டும் என்றாள்.

மில்காவை அடுப்போரம் வைத்து மூடினாள். ஈரத்துணியை மாற்றக்கூடத் தோன்றவில்லை. மாடிக்குப் போய், விரிப்பு கசங்காமல் வாசலிலேயே நின்றாள். ஜன்னல் முழுக்கக் கடல். பெருந்தனிமையாக இருந்தது.

விவியானாவின் அழைப்பு வந்தது. எடுத்ததும் அதே கேள்வி, யாராவது வந்தார்களா?

“வந்திருக்காங்க. ஒரு அம்மாவும் மகனும்.”

“நிஜமாவா? எந்த ஊர்க்காரங்க?”

“மெதுவா பேசு விவி. ரொம்ப தூரத்துலேருந்து வந்தவங்க, தூங்குறாங்க.”

சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் அந்த அறைக் கதவைச் சாத்தினாள்.