இன்னும் நாலு கிலோ

வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அண்ணன் அவளுடைய வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். பார்ப்பது தெரியக்கூடாது என்று சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டினான். ஸ்டியரிங்குக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே இப்போது ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. போன வருடம் இடமே இல்லை. அந்த இடைவெளி இந்த வாரம் கொஞ்சமாவது கூடியிருக்கிறதா என்று அவன் அளந்துகொண்டிருந்தான். அவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோதுதான், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்கள் முன்னால்கூட அவள் இப்படி வயிற்றை எக்கிக்கொண்டு நின்றதில்லை.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, வாரத்துக்கு மூன்று நாள் அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போய்விட்டன. குழாய் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறார்கள். அப்பா அம்மா இல்லை. அண்ணியின் இரத்தப் பிரிவு சேரவில்லை, மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவள். பொருந்தியது தங்கையுடையது மட்டும்தான். அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்று டாக்டரே சொன்னார். சொல்லிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். இந்த எடையோடு கத்தி வைக்க முடியாது, நாளைக்கு உங்களுக்கே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்து நிற்கும், பதினைந்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அவள் தலையை ஆட்டினாள். கொடுப்பாயா என்று அவளை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்கவில்லை.

முதல் பதினொரு கிலோ மளமளவென்று இறங்கியது. விடிவதற்கு முன்பே எழுந்து விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தாள். வேனைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டு மாடிப்படிகளில் ஏறி இறங்கினாள். அண்ணி ஒரு கிண்ணத்தால் அளந்து போட்ட சோற்றைத் தின்றாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் செல்லமாகிப் போனாள். அண்ணி தன் பழைய உடைகளை எடுத்துக் கொடுத்து, பிடித்துத் தைத்துக்கொள் என்றாள். அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அவள் மூட்டை. ‘மூட்டை வருது, வழி விடுங்க’ என்பான். கல்யாணத்துக்குக் கேட்டு வந்த ஒரு குடும்பத்திடம், கூட்டிப் போவதென்றால் லாரி வைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள், காபியைக் கொண்டுவந்த அவளும் சிரித்தாள். அவர்கள் திரும்பி வரவில்லை. இப்போது அவன் வாயில் தன் பெயரைக் கேட்கும்போது யாரோ ஒருத்தியைக் கூப்பிடுவது போலிருந்தது.

அப்புறம் எடை முள் நின்றுவிட்டது. ஆணி அடித்த மாதிரி. நடையைக் கூட்டினாள், படிகளைக் கூட்டினாள், சோற்றைப் பாதியாக்கினாள். தலை சுற்றியது, முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது, குளிர் இல்லாத நாளிலும் உடம்பு நடுங்கியது. எடை மட்டும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏறி நின்று இறங்கியதுமே அண்ணியிடமிருந்து போன் வரும்.

“என்ன ஆச்சு?”

“அதேதான் அண்ணி. இன்னும் நாலு கிலோ.”

அண்ணி அதோடு போனை வைத்துவிடுவாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். சமையலறை அலமாரியில் பிஸ்கட் டப்பா இடம் மாறியது. பழக்கூடை அண்ணியின் படுக்கையறைக்குப் போனது. சொந்தக்காரர்கள் போனில் ஆபரேஷன் எப்போது என்று கேட்டால், அண்ணி குரலைத் தாழ்த்தாமல், “அவ இளைக்கணுமே” என்பாள்.

மைதானத்தில் நடக்கும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. பயம் இல்லாமல் இல்லை. அறுத்த பிறகு தன்னைத் தூக்கி உட்காரவைக்க யார் இருக்கிறார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்து எப்போது மறுபடி உட்காருவோம் என்றெல்லாம் யோசித்திருக்கிறாள். வாய் சரி என்று சொல்லிவிட்டது, உடம்பு மாட்டேன் என்கிறதோ. வாழ்நாளெல்லாம் கேலிக்கு ஆளான சதை, கேலி செய்தவனுக்கே தன்னில் ஒரு துண்டைக் கொடுக்க மனம் வராமல் முரண்டு பிடிக்கிறதோ. நடந்துகொண்டே வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற பெண் அவள் சாப்பாட்டுக் கணக்கைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இவ்ளோ கம்மியா சாப்பிட்டு இவ்ளோ நடந்தா எப்படிங்க இறங்கும்? உடம்பு பஞ்சம் வந்துருச்சுன்னு நெனச்சு, இருக்கறத இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. கொஞ்ச நாளைக்கு நடைய பாதியாக்குங்க. சாப்பாட்ட கூட்டுங்க. முட்டை, பருப்பு, தயிர், வயிறு நெறைய. எதாவது வெயிட் தூக்குங்க. நல்லா தூங்குங்க. மொதல்ல ஒரு கிலோ ஏறும், பயப்படாதீங்க. அப்புறம் இறங்கும்.”

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடியும்வரை குறுக்கே பேசவில்லை.

“ஊர்ல எல்லாரும் பட்டினி கெடந்து இளைக்கிறாங்க. நீ தின்னு இளைக்கப் போறியா?”

“ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்க அண்ணி. வேணும்னா நீங்களே கேளுங்க.”

“நான் எதுக்குக் கேக்கணும். உன் உடம்பு, உன் இஷ்டம்.”

அன்றும் கிண்ணத்தால்தான் சோறு விழுந்தது. அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்டு வாங்கித் தின்றால் அந்தச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும். அவளே முட்டை வாங்கி, மாடியில் தன் அறையில் அவித்து, டப்பாவில் அடைத்து வேனுக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரம், பள்ளிக்கூடச் சுவரோரம் வேனை நிறுத்தி, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். மருந்துபோல ஆலோசகர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டைத் திருட்டுத்தனமாகத் தின்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பு வரும், அதோடு வேறு ஏதோவும் வரும். மாலையில் மொட்டைமாடியில் தண்ணீர் நிரப்பிய கேன்களைத் தூக்கி இறக்கினாள். ஆலோசகர் சொன்ன மாதிரியே முதலில் ஒரு கிலோ ஏறியது. அதை அண்ணியிடம் மறைக்கத் தெரியவில்லை.

அடுத்த சில நாட்களில் ஒரு மத்தியானம் அண்ணி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். வீட்டில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது, இவள் போனை எடுக்கவில்லை. வேனின் பக்கக் கதவை அவள் சடாரென்று இழுத்துத் திறந்தபோது, கடைசி வரிசையில் இவள் மடியில் டப்பாவும் வாயில் பாதி முட்டையும் கையில் ரொட்டியுமாக இருந்தாள். காகிதத்தில் முட்டை ஓடு. போன் முன் இருக்கையில் கிடந்தது. அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஒரு வழியாகத் தெரிந்துவிட்டது என்பது போன்ற அமைதிதான் இருந்தது.

“நிதானமா சாப்பிடு. தொண்டைல சிக்கிக்கப் போகுது.”

சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அன்று அண்ணனை ஆட்டோவில்தான் கூட்டிப் போனாள். பின்னாலேயே வேனை ஓட்டிக்கொண்டு போனவளை வார்டு வாசலில் பார்த்தும், யாரோ எவரோ என்று நின்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் கிண்ணம் காணாமல் போனது. வேண்டும் என்கிற அளவு சோறு விழுந்தது. எடை பார்க்கும் நாளில் போன் வரவில்லை. அண்ணன் வேனில் சன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான், கண்ணைக்கூட இந்தப் பக்கம் ஓட்டவில்லை. ஆலோசகரிடம் அண்ணி பேசியிருப்பாள், புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். மனதில் அந்தப் பாரம் இறங்கியதாலோ என்னவோ, முள்ளும் அசைந்தது. முதலில் ஏறின கிலோ போனது. பிறகு அரை, அப்புறம் ஒன்று. அவள் வாயைத் திறக்கவில்லை. முழுதாக முடித்துவிட்டு ஒரே சொல்லாகச் சொல்லவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அண்ணியின் முகம் எப்படி மாறும் என்று படியேறும்போதெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

நாலாவது கிலோவும் போன அன்று, நர்ஸ் அவள் தோளைத் தட்டிக் கொடுத்து, ஆபரேஷனுக்குத் தேதி தருகிற பெண்ணிடம் போகச் சொன்னாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“உங்க வீட்ல சொல்லலையா? அவருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அவரோட மச்சான் குடுக்கறாரே. டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு ரொம்ப நாளாச்சுங்க.”

முதலில் வந்தது நிம்மதி. நாற்காலியில் உட்கார்ந்துவிடும் அளவுக்கு நிம்மதி. அது வந்துவிட்டதே என்றுதான் பிறகு அவமானமாக இருந்தது. அண்ணி நினைத்தது சரிதானோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்துக்காக அண்ணிமீது வந்த கோபத்தில்தான் அவளால் எழுந்து நடக்க முடிந்தது.

அண்ணி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சொல்லியிருக்கலாமே அண்ணி.”

அண்ணி நிமிரவில்லை. “என்னன்னு சொல்றது. என் தம்பி பொண்டாட்டி ஒத்துக்கவே இல்ல. கால்ல விழாத குறை. கூடப் பொறந்தவளே ஏமாத்திட்டா, வேன்ல ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்கறா, எனக்கு உங்கள விட்டா யாரு இருக்காங்கன்னு அழுதேன். அதக் கேட்டுத்தான் அவ மனசு எறங்குச்சு.”

“நான் ஏமாத்தல. இன்னிக்கு எடை சரியா வந்துருச்சு.”

கத்தி நின்றது. அண்ணி இப்போதுதான் அவளைப் பார்த்தாள். கழுத்து எலும்பு, தோள், தொளதொளவென்று தொங்கும் சட்டை. பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் பயம் ஏறியது. எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இத வெளில சொல்லாத.”

“ஏன்?”

“அவளுக்குத் தெரிஞ்சா புருஷன இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவா. உனக்கு டெஸ்ட் மறுபடி மொதல்லேருந்து எடுக்கணும். அது வரைக்கும் அவரு தாங்குவாரா? நடுவுல உனக்கு ஒண்ணு ஆனா? நீ மனசு மாறினா? நான் ரெண்டும் கெட்டு நிக்கணும்.” அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காய வாசம் அடிக்கும் ஈரக் கை. “அவரு பொழைக்கட்டும். அதுக்கு அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். உன் பேர நானே சுத்தமாக்கறேன்.”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “சரி” என்றாள். இந்தத் தடவை கேட்டுத்தான் வாங்கினார்கள்.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவள் உட்கார்ந்த பெஞ்சில் மட்டும் இடம் இருந்தது. மத்தியானம் அண்ணியுடைய தம்பியின் மனைவி எழுந்து வந்து அவள் முன்னால் நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“உங்களுக்கு எதாவது சாப்பிட வாங்கிட்டு வரச் சொல்லட்டுங்களா? பசி தாங்க மாட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“வேண்டாம்மா. நீ போய் உக்காரு” என்றாள் இவள்.

இருவருமே பிழைத்துக்கொண்டார்கள். மச்சான் பத்து நாளில் நடமாட ஆரம்பித்தார். அண்ணன் வீட்டுக்கு வர ஒரு மாதம் போல ஆனது. யாரும் பக்கத்தில் போகக்கூடாது, கிருமி தொற்றிக்கொள்ளும் என்று அவனுக்குத் தனி அறை. அவள் வேனை நிறுத்திவிட்டு, கை கால் கழுவி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய அண்ணன் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தான்.

“அட, நல்லா இளைச்சுட்டியே.”

அவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், இப்போது ஒளிவு மறைவு இல்லாமல்.

“நல்லாருக்கு. இப்படியே மெயின்டெயின் பண்ணு.” கொஞ்சம் நிறுத்தி, சிரிக்கிற மாதிரி சொன்னான். “இத அப்பவே பண்ணியிருக்கலாம்ல, மூட்டை.”

அவள் திரும்பிப் பார்த்தாள். மருந்துத் தட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணி அங்கேயே நின்றிருந்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. அண்ணியின் உதடு அசைந்தது போலிருந்தது. பிறகு தட்டைப் பக்கத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தமும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டன.

அண்ணன் மெல்ல எழுந்தான். பிடிக்கப் போனவளை வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து நடந்து குளியலறைக்குள் போனான். கதவை முழுதாகச் சாத்தவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு வருடமாக அவனுக்குச் சிறுநீரே வந்ததில்லை. குடித்ததெல்லாம் உடம்பில் தேங்கி, இயந்திரம்தான் உறிஞ்சி எடுக்கும். இப்போது கதவிடுக்கு வழியாக அந்தச் சத்தம் வந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரே தாரையாக. சமையலறையில் அண்ணி குழாயை மூடினாள். வீட்டில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஒருத்தி சமையலறையிலும் ஒருத்தி அறை வாசலிலுமாக அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது.