மாப்பிள்ளை உட்கார்ந்த விமானம்

“ஏட்டி, எப்பதான் கேக்கப் போற?”

“இறக்கை முடியட்டும்.”

“போன மாசமும் இதையேதான சொன்ன?”

“அது கீழ் இறக்கை. இது மேல் இறக்கை.”

ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ரெபேக்காளும் உலகம்மையும் இப்படிப் பேசிக்கொண்டார்கள். அது போன சீசனில். பாளையங்கோட்டையில் இருவரும் ஒன்றாகப் பி.எஸ்ஸி. படித்தவர்கள். இலஞ்சிக்காரியான ரெபேக்காள் அதன்பிறகு பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மேல் இறக்கைக்குப் பிறகு இன்ஜின், இன்ஜினுக்குப் பிறகு சக்கரம் என்று உலகம்மையிடமும் பதில் தயாராக இருந்தது.

அப்பாவிடம் அவள் கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். சென்னையில் விமானப் பொறியியல் படிப்பு இருந்தது. பி.எஸ்ஸி. முடித்தவர்களை எடுத்துக்கொண்டார்கள், மூன்று வருஷம். பெண்களையும் சேர்ப்பார்கள் என்று ரெபேக்காளின் அண்ணன் நேரில் போய் விசாரித்துச் சொல்லிவிட்டான். அதில் சேர அப்பா சம்மதிக்க வேண்டும்.

தென்காசியில் மர டிப்போ வைத்திருந்த பேச்சிமுத்து கெடுபிடியான அப்பா இல்லை. மகள் வாய் திறந்து கேட்ட எதையும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. சிக்கலே அதுதான். கடையில் வாங்க முடியாத எதையும் உலகம்மை அவரிடம் இதுவரை கேட்டதில்லை. அதனால் அவள் ஒரு திட்டம் போட்டாள். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, இரண்டடுக்கு இறக்கை வைத்த டைகர் மாத் விமானம் ஒன்றைச் செய்வது. அசலில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம். அதை முழுதாக முடித்து அப்பாவின் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டால், அவருக்கு மறுப்புச் சொல்ல வாய் வராது.

தீப்பெட்டிக் குச்சியும் தென்னை ஈர்க்குமாக எலும்புக்கூடு எழும்பியது. அதன்மேல் பட்டம் ஒட்டுகிற மஞ்சள் தாளை இழுத்து ஒட்டினாள். நூல்கண்டுக் கட்டை இன்ஜினாயிற்று, பழைய கோட்டுப் பொத்தான்கள் சக்கரங்களாயின. வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகும்வரை பெண் எதையாவது ஒட்டிக்கொண்டிருக்கட்டும் என்று பேச்சிமுத்து நினைத்தார். பூத்தையல் போட்டாலாவது மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டலாம் என்று அம்மா தங்கபுஷ்பம் நினைத்தாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விமானம் முடிந்தது. காலையில் கடைசி முறையாக வார்னிஷ் அடித்து, கூடத்தில் ஜன்னல் ஓரமாகக் காய வைத்தாள். சாரல் காற்றில் வார்னிஷ் லேசில் காயவில்லை. அன்றைக்கு நாலு மணிக்கு அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வல்லிநாயகம், கடையத்தில் மாட்டு டாக்டர். அவர்கள் குற்றாலத்தில் குளித்து, அங்கேயே சாப்பிட்டு, வெயில் தாழ வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அப்பாவிடம் கேட்டுவிடுவது என்று உலகம்மை முடிவு செய்திருந்தாள். சேர்க்கை அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இனித் தள்ளிப்போட வழியில்லை.

ஆனால் மலையில் இரவெல்லாம் மழை. மெயின் அருவியில் வெள்ளம் செம்மண் நிறத்தில் இறங்கியது. போலீஸ்காரர்கள் குறுக்கே கயிறு கட்டி யாரையும் உள்ளே விடவில்லை. தலை நிறைய எண்ணெய் தேய்த்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார், கிடைத்த குழாயடியில் தலையை அலசிக்கொண்டு, பதினோரு மணிக்கே பேச்சிமுத்துவின் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டார்கள்.

கார்ச் சத்தம் கேட்டதும் தங்கபுஷ்பத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலகம்மையைச் சேலை மாற்ற விரட்டினாள். பெண் ஏரோபிளேன் ஒட்டுகிறாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கவலை வேறு. தரையில் கிடந்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று விமானத்தைப் பதமாகத் தூக்கிப் பிரம்பு சோபாவில் வைத்தாள். ரேடியோப் பெட்டியின் மேல் கிடந்த பூவேலைத் துணியை எடுத்து அதை மூடினாள். பிறகு கேசரி கிண்ட அடுக்களைக்கு ஓடினாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமா அய்யாக்குட்டி முதலில் உள்ளே வந்தார். ஜமுக்காளத்தில் உட்காரப் போன வல்லிநாயகத்தைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். மாப்பிள்ளை தரையில் உட்காரலாமா என்று கேட்டுக்கொண்டே, சோபாவில் பூத்துணி போட்டு மெத்தை மாதிரி உயர்ந்திருந்த இடத்தைப் பார்த்து அங்கே அழுத்தி உட்கார வைத்தார்.

முறுக்கு டின்னுக்குள் கையை விட்டு நொறுக்கியது போல ஒரு சத்தம் கேட்டது.

“புதுப் பிரம்பு அண்ணாச்சி, நாலு பேரு உக்காந்தாத்தான் பழகும்” என்றார் அய்யாக்குட்டி. பேச்சிமுத்துவும் ஆமாம் என்று சிரித்து வைத்தார்.

வல்லிநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. கீழே என்னவோ ஒடிந்திருந்தது, ஒடிந்தது குத்தவும் செய்தது. எழுந்தால் மானம் போய்விடும், அசைந்தால் இன்னும் ஒடியும். கேசரி வந்தது. கோயில் சிலை போல முதுகை நிமிர்த்திக்கொண்டு சாப்பிட்டான்.

உலகம்மை காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். குனிந்த தலையோடுதான் வந்தாள். அதனால் முதலில் அவள் கண்ணில் பட்டது மாப்பிள்ளையின் முகம் இல்லை. அவனுடைய வலது தொடையோரம், பூத்துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் வால். நிமிர்ந்தாள். அவள் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான். ஊசி போட வந்தவரைப் பார்க்கும் கன்றுக்குட்டி மாதிரி இருந்தது அவன் முழிப்பு. அழ வேண்டிய நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

பெண்ணுக்கு வெட்கம் என்று அய்யாக்குட்டி சான்றிதழ் கொடுத்தார்.

அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டதும் உலகம்மைக்கு அழுகையும் வந்தது. ஒரு வருஷத்து வேலை. அதை அழுது முடிக்கும் முன்பே, இன்றைக்கு அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை என்ற நிம்மதி மெல்ல எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியைக் கண்டதும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

கூடத்தில் எல்லாரும் விடைபெற எழுந்தார்கள். மாப்பிள்ளை எழவில்லை.

“என்ன மருமவனே, எந்திரிக்க மனசு வரலயோ?” என்றார் அய்யாக்குட்டி. “அண்ணாச்சி, இன்னைக்கே இவனை இங்கன விட்டுட்டுப் போறோம். நீங்களே வச்சு சோறு போடுங்க.”

கூடமே சிரித்தது. வல்லிநாயகத்தின் காது சிவந்தது. பெண்ணிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். சிரிப்பு நின்றது. பேச்சிமுத்து கொஞ்சம் யோசித்தார். எல்லார் முன்னாலும் பேசுவதென்றால் பேசட்டும் என்று மகளைக் கூப்பிட்டார்.

உலகம்மை வந்து தூணோரம் நின்றாள்.

“நான் உக்காந்திருக்கது என்னதுங்க?” என்று கேட்டான் வல்லிநாயகம்.

“டைகர் மாத்.”

“அப்படின்னா?”

“ஏரோபிளேன்.”

அவன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு எழுந்தான். காயாத வார்னிஷ் தன் வேலையைக் காட்டியது. பூத்துணியும் அதோடு மஞ்சள் இறக்கை ஒன்றும் வேட்டியில் ஒட்டிக்கொண்டு அவனோடு எழுந்தன. அய்யாக்குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜமுக்காளத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அடுக்களை வாசல்படியில் நின்ற தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

வல்லிநாயகம் இறக்கையைப் பக்குவமாகப் பிய்த்தெடுத்தான். சோபா முன்னால் முழங்காலிட்டு, அடிபட்ட மாட்டைப் பார்ப்பது போல ஒவ்வோர் உறுப்பாகத் தடவிப் பார்த்தான். மேல் இறக்கை இரண்டாக ஒடிந்திருந்தது. கீழ் இறக்கையில் மிஞ்சியது பாதி. உடம்பும் வாலும் பிழைத்திருந்தன. இறக்கைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய இந்த நூல்கள் எதற்கு, இறக்கை ஏன் நேராக இல்லாமல் லேசாக மேலே தூக்கியிருக்கிறது என்று கேட்டான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தூணை விட்டு நகர்ந்து அவளும் சோபாவுக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்துவிட்டாள்.

“கால் ஒடிஞ்ச கன்னுக்குட்டிக்குக் கட்டுப் போட்டிருக்கேன். ஏரோபிளேனுக்குப் போட்டதில்ல. சொல்லிக் குடுத்தீங்கன்னா செய்வேன்” என்றான்.

பேச்சிமுத்துவும் வந்து, ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மரம் பார்த்தே வாழ்ந்த மனுஷர்.

“தீப்பெட்டிக் குச்சியில்லா இது?” என்றார். விமானத்தின் மூக்கில் இருந்த காற்றாடியை விரலால் தட்டினார். அது சுற்றியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நான் இத வெளையாட்டுன்னுல்லா நெனச்சேன்.”

நல்ல மரமாகத் தானே இழைத்துத் தருவதாகச் சொன்னார். கல்யாணம் முடிந்து கடையத்துக்குப் போன பிறகு பத்து விமானம் வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்யலாம் என்றார். மாட்டாஸ்பத்திரிக் கூரையில் ஒன்றைக் கட்டிவிடலாம் என்று அய்யாக்குட்டி சேர்த்துக்கொண்டார். எல்லாருக்கும் சந்தோஷம். பேச்சு கல்யாணத் தேதி வரைக்கும் போய்விடும் போல இருந்தது.

“இதைச் சரி பண்ண எத்தனை நாளாகும்?” என்று வல்லிநாயகம் அவளைக் கேட்டான்.

உலகம்மை மனசுக்குள் கணக்குப் போட்டாள். எப்படியும் ஒரு மாதம் ஆகும். அதற்குள் சேர்க்கை முடிந்திருக்கும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். ரெபேக்காளிடம் சொல்லக்கூட இந்தத் தடவை நல்ல காரணம் இருந்தது. கேட்டுவிட்டாலோ, முழங்காலிட்டு நிற்கிற இந்த நல்ல மனுஷன் எழுந்து போய்விடலாம். அப்பாவின் முகத்தில் இப்போது இருக்கிற சிரிப்பும் போய்விடலாம். அந்தச் சிரிப்பை அவள் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

“அது கெடக்கட்டும்” என்றாள் வல்லிநாயகத்திடம். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“எப்பா, நான் மெட்ராஸுக்குப் போயி ஏரோபிளேன் கட்டுத படிப்பு படிக்கணும். நெச ஏரோபிளேன். மூணு வருஷம் ஆவும். என்னைய அனுப்பி வைங்க.”