மொம்பாசாத் துணித் தட்டி

கொல்லம் 1103-இல், அதாவது 1927 ஆவணியில், இரணியல் நேசபாய் செய்வித்த மடக்குத் தட்டிக்கு முன்பக்கம் இரணியலும் பின்பக்கம் மொம்பாசாவும் இருந்தன. அந்த வருஷம் தேங்காய் விலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. துணி அனுப்பியது அவள் புருஷன் ரசலையன், மொம்பாசா ரயிலில் கிளார்க்கு. சிவப்பும் கறுப்புமாய் நாலு ஆப்பிரிக்கத் துணி, சுற்றிலும் கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டைப் படம். பித்தான் அறுந்தால் ஊக்கு குத்தித் திரிகிற மனுஷன் அனுப்பிய துணியில் ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருந்தது! மிஷன் பங்களாவில் லேசு பின்னிய நேசபாய்க்குத் தையலைப் பார்த்தாலே ஆளைத் தெரியும். இது பொம்பளை கை, அதுவும் இடது கை. “உடுத்தவும் மாட்டேன், எரிக்கவும் மாட்டேன். கண்ணுக்கு முன்னால நிறுத்தி வச்சு விசாரிப்பேன்” என்று பொன்னுலிங்கம் ஆசாரியை வரவழைத்தாள். அவர் அயினி மரத்தில் நாலு சட்டம் இழைத்துப் பித்தளைக் கீல் போட்டார். அவள் துணியைக் கஞ்சியில் முக்கி, ஈரத்தோடு இழுத்துப் பிடித்து ஆணி அறைந்தாள். ஆணிக்கு ஒரு ஏச்சு.

துணி காய்ந்ததும் தட்டிக்குப் பின்னாலிருந்து தேங்காய்ப்பாலில் மீன் வேகிற மணம் வந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தால் வெறும் சுவர். முன்னால் வந்து உட்கார்ந்தால் ரசலையனின் தும்மல், வரிசையாய் மூன்று. கூடவே ஒரு பெண்ணின் பேச்சு. மறுவருஷம் பிள்ளை அழுகையும் சேர்ந்துகொண்டது. கடிதம் போட்டுக் கேட்டாள். ‘ஓட்டல் சோறு தின்று ஒற்றையாளாய்க் கிடக்கிறேன்’ என்று வேதவசனத்தோடு பதில் வந்தது. நாசமாய்ப் போக! சோதித்துப் பார்க்கலாமென்று ஒரு கும்பா அவியலைத் தட்டிக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் கும்பா கழுவித் திரும்பி வந்தது, உள்ளே தேங்காய்ப்பாலில் வெந்த மரச்சீனிக் கிழங்கு. ஏனத்தை வெறுமையாய்த் திருப்பாதவள்! நேசபாய்க்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. கெட்டவளாய் இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சௌகரியம். ஆறு வருஷம் கும்பா போய் வந்தது. பக்கத்து வீட்டு செல்லபாய்கூட அந்தச் சத்தங்களுக்குப் பழகிவிட்டாள். சந்தேகம் மட்டும் தீரவில்லை. தும்மல் எவனுக்கும்தான் வரும், அது தன் புருஷன்தான் என்பதற்கு என்ன சாட்சி?

1934-இல் ரசலையன் லீவில் கப்பலேறி வந்தார். “எனக்கு அங்க ஆருமில்லட்டி” என்று வேதபுத்தகத்தில் கை வைத்துச் சொன்னார். அவள் இலை போட்டாள். அவர் சோற்றில் கை வைத்ததும் தட்டிக்குப் பின்னால் பிள்ளை காய்ச்சலில் அனத்தியது. “பாபா, பாபா” என்றது. எந்தப் பாஷையானால் என்ன, அப்பனைக் கூப்பிடுகிற கூப்பாடு தெரியாதா? நேசபாய் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மோர் கேட்டார்.

ஏழு வருஷச் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. அடுக்களையில் போய் அழுதுகொண்டே சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தாள். அதை அவர் கையில் கொடுத்து, தட்டியை விலக்கிப் பிடித்தாள்.

“ஒங்க பிள்ளைக்குக் காய்ச்சல். கொண்டுபோய்க் குடுங்க.”

அவர் போனார். பெட்டியும் திரும்புகால் டிக்கெட்டும் இங்கேயே கிடந்தன. மூன்றாம் நாள் செல்லபாய் வந்தாள்.

“ஒனக்க மாப்பிள்ள எங்கட்டி?”

“தட்டிக்குப் பின்னால.”

செல்லபாய் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவத் தொடங்கினாள். “பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா?”

“விட்டுது. காலையில கஞ்சி குடிச்சுது” என்றாள் நேசபாய்.