நிக்கனோரைப் பயமுறுத்தியது யார்?

எங்கள் பதினெட்டாவது தெருவில் சர்க்கரை நோய் இனிப்பால் வருவதில்லை. பயத்தால் வருகிறது. நாயைப் பார்த்தோ, போலீஸைப் பார்த்தோ, மாமியாரைப் பார்த்தோ திடுக்கிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடும். டாக்டர்களைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

ஆகவே, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோவில் கீழ்த்தளத்தில் இலவச ரத்தப் பரிசோதனை என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியதிலிருந்தே ரொட்டிக்கடை நிக்கனோருக்குச் சிக்கல். இளமையில் முகமூடி மாட்டி மல்யுத்தம் செய்தவர். "நான் பயந்த நாள் இன்னும் பிறக்கல" என்று முப்பது வருடமாகச் சொல்லி வருபவர். அவருக்குச் சர்க்கரை என்றால் தெரு கேட்கப்போவது ஒரே கேள்விதான்: யாரைப் பார்த்து?

மனைவி ஒப்துலியா விடவில்லை.

"டெஸ்ட் எடுக்காம வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

நிக்கனோர் மச்சினன் எலேயுத்தேரியோவை அடுப்படிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். ஒட்டடைக்குச்சி உடம்பு, கடையில் ரொட்டி சுடுபவன்.

"மாப்ளே, என் பேரைச் சொல்லி விரலைக் குடுத்துட்டு வந்துடு."

"எனக்கு வந்துட்டா, மாமா?"

"உனக்கா? சர்க்கரை உட்கார உன் உடம்புல இடம் ஏதுடா?"

போனான், கொடுத்தான். விரல் கொடுத்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை பூசிய கோன்ச்சா ரொட்டி ஒன்று இலவசம். உபயம்: நிக்கனோர் ரொட்டிக்கடை.

செவ்வாய்க்கிழமை காலை, கடை நிறையக் கூட்டம். நர்ஸ் இட்ஸெல் கையில் காகிதத்தோடு நுழைந்தாள். ரத்தம் எடுத்தது வேறொரு பெண். முடிவு சொல்வது இவள் வேலை.

"கொஞ்சம் உள்ள போய்ப் பேசலாமா, ஐயா?"

"எதுக்கு உள்ள? நம்மகிட்ட என்ன ரகசியம்? சத்தமா சொல்லும்மா!"

"வேணாமே..."

"சொல்லுன்னா சொல்லு!"

"ஒன்பது புள்ளி நாலு. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய்."

தையற்காரி பெர்பெத்துவாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடப்பாவமே! உங்களையே ஒருத்தர் பயமுறுத்திட்டாங்களா? யாரு?"

எல்லாக் கண்களும் கல்லாவில் இருந்த ஒப்துலியாவின் மேல் போய் நின்றன.

"என்னை ஏன்டி பார்க்கறீங்க?"

"நாங்க ஒண்ணும் சொல்லலியே!"

நிக்கனோரால் பொறுக்க முடியவில்லை. "அது என் ரத்தமே இல்ல! மாப்ளை ரத்தம்!"

மானம் தப்பியது. மூன்றே விநாடி.

நர்ஸ் அடுப்புப் பக்கம் திரும்பினாள். "தாகம் ஜாஸ்தியா இருக்கா?"

"எந்நேரமும்," என்றான் எலேயுத்தேரியோ.

"கால் மரத்துப் போகுதா?"

அவன் தலையைக் குனிந்தான். "போன வாரம் சூடான தட்டு பாதத்துல விழுந்துச்சு. தோல் உரிஞ்ச பிறகுதான் பார்த்தேன்."

ஒப்துலியா கல்லாவை விட்டு எழுந்தாள்.

"யோவ்! உன் வீராப்புக்கு என் தம்பி காலு போயிருக்குமே! வாயைத் திறக்காம இருந்திருந்தா அவனுக்கு எப்பய்யா தெரிஞ்சிருக்கும்? நீட்டுய்யா விரலை!"

முப்பது வருட வீரரின் மணிக்கட்டை அவள் மேஜையோடு அழுத்திப் பிடித்தாள். நர்ஸ் பையிலிருந்து சின்ன எந்திரத்தையும் ஊசியையும் எடுத்தாள். நிக்கனோர் ஊசியைப் பார்த்தார். அடுத்த கணம் மாவு மூட்டைகள் மேல் மல்லாந்து கிடந்தார்.

மயக்கம் தெளிந்தபோது முடிவு வந்திருந்தது. ஆறு புள்ளி ஒன்று.

"நோய் இல்ல. ஆனா வாசல்ல நிக்குது. இப்பவே சாப்பாட்டைக் கவனிச்சா உள்ள விடாம தடுக்கலாம்," என்றாள் நர்ஸ்.

"ஊசியைப் பார்த்துப் பயந்தாரு, ஏறிடுச்சு. கண்ணால பார்த்தோமே!" என்றாள் பெர்பெத்துவா.

"அம்மா, இது மூணு மாசச் சர்க்கரையோட சராசரி! ஒரு நிமிஷப் பயத்துல ஏறாது!"

"அதான் சொல்றேன். நீங்க கோவில் சுவத்துல நோட்டீஸ் ஒட்டி மூணு மாசம் ஆகுதில்ல?"

நர்ஸ் எந்திரத்தைப் பைக்குள் போட்டு மூடினாள்.

அடுத்த ஞாயிறு கீழ்த்தளத்தில் மூன்றே பேர். மாத்திரைச் சீட்டோடு எலேயுத்தேரியோ, ஒப்துலியா, அவள் பிடியில் நிக்கனோரின் சட்டைக் காலர். நாங்கள் மற்ற எல்லோரும் எதிர்ச்சாரியில், நோட்டீஸ் கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேகமாக நடந்து போனோம்.