மூன்றாவது கம்பி

கடையில் இருந்த நாளெல்லாம் அந்தப் பெட்டி சமர்த்துப் பிள்ளையாகத்தான் இருந்தது. ரிப்பேர்க்காரிக்கு அதுதான் எரிச்சல். நோயாளி ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் வலி பறந்துபோகிற கதைதான். பழைய ஹாம் ரேடியோ அது. பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி. முன்பக்கம் முழுக்கக் குமிழ்கள், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டயல். வயிற்றுக்குள் ஆஸிலேட்டர் என்று ஒரு சின்னத் தகரக் கூண்டு. பாட்டுக்குச் சுருதிப்பெட்டி எப்படியோ, இதற்கு அந்தக் கூண்டு அப்படி. அது பிடிக்கிற சுருதியில்தான் மற்றதெல்லாம் நிற்கும். மயிரிழை விலகினாலும் ஹெட்போனில் கேட்கிற விசில் தணிந்துபோகும், இல்லாவிட்டால் ஏறிப்போகும்.

பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து மேசைமேல் இறக்கியவன், அதன் சொந்தக்காரரின் மகன். இறக்கியும் கிளம்பவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றான்.

"விசில் தானா இறங்குதாம் அக்கா. கொஞ்ச நேரம் அப்படியே நிக்குதாம். அப்புறம் ஏறிடுதாம்."

"சூடு ஏறியிருக்கும். பழைய கெப்பாசிட்டர். விடுங்க, பாத்துக்கலாம்."

"அது சரி. ஆனா அம்மா வேற சொல்றாங்க." அவன் டயலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அப்பா போனதுலேருந்து இதைப் போட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்காங்க. விசில் இறங்கினா அப்பா வந்து நிக்கிறாராம். ஏறினா போயிட்டாராம். வீட்டைப் பூட்டிட்டு என்கூட வாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். 'அவர் வந்து பாத்து, ஆளைக் காணோம்னு நின்னா?'ங்கிறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்க இதைச் சரி பண்ணிடுங்க. வெறும் கோளாறுன்னு தெரிஞ்சா வந்துடுவாங்க."

ரிப்பேர்க்காரி தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். தலை காயவைக்கிற மெஷினால் கூண்டுக்குச் சூடு காட்டினாள். மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தாள். பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். விசில் கோடு கிழித்த மாதிரி நின்றது. கூண்டுக்குள்ளிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு கம்பி கிளம்பி, பெட்டியின் முதுகில் இருந்த குட்டி ஓட்டை ஒன்றில் முடிந்தது. பார்த்தாள். அலைவரிசை அளக்கிற மீட்டர் சொருக மனுஷர் வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டாள். ஹாம்காரர்கள் எல்லோருமே பெட்டியைக் குடைந்து எதையாவது வெளியே இழுத்து வைப்பவர்கள்தான். அதையெல்லாம் சந்தேகப்பட்டால் பிழைக்க முடியாது. ஏதோ ஒரு பழைய ஈயப்பற்றை உருக்கிப் புதிதாக வைத்து, மூடியை மூடி அனுப்பிவிட்டாள்.

வீட்டில் வைத்த அன்றைக்கே மறுபடி விசில் இறங்கிவிட்டதாக ஃபோன் வந்தது.

அதனால்தான் இப்போது மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானத்தில், கருவிப்பையும் கையுமாக அவள் அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். முன்னறையில் தையல் மெஷின், அதன் காலடியில் வெட்டுத்துணிகள். அந்த அம்மா டெய்லர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியபடியேதான் கதவைத் திறந்தார். முன்னறையிலிருந்து ஒரு நடை; நடை முடிகிற இடத்தில் ரேடியோ அறை. மேசை எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தது. உட்கார்ந்தால் நடைக்கதவு முதுகுக்குப் பின்னால். இடது பக்கம் சமையலறைக்கு ஒரு வாசல். நடையில் துணி மூட்டை ஒன்றும் பூட்டுப் போட்ட சூட்கேஸ் ஒன்றும் தயாராக இருந்தன.

"பையன் கட்டி வச்சது" என்றார் டெய்லரம்மா. "அவன் பொண்டாட்டி எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. நல்ல பொண்ணு. வாக்குக் குடுத்துட்டேன்மா. வந்து பாக்கிறவங்க இது மெஷின் கோளாறுதான்னு சொல்லிட்டா, மறுபேச்சுப் பேசாம வண்டியில ஏறிடுறேன்னு."

"அப்போ தீர்ப்பு என் தலையிலயா?"

"வேற யார் தலையில போடுறது? எனக்குத் தெரிஞ்சது காஜா எடுக்கிறது."

டெய்லரம்மா பெட்டியை ஓடவிட்டார். அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்: ஸ்விட்சைப் போடுவது, குமிழை அடையாளக் கோட்டுக்குத் திருப்புவது, ஒற்றை விசில் வருகிறதா என்று பார்ப்பது. வீடு ஊமையாகக் கிடக்கக்கூடாது, அவ்வளவுதான். விசில் ஸ்பீக்கரிலிருந்து அறைக்குள் மெல்லிய நூலாக நீண்டது. ரிப்பேர்க்காரி மீட்டரை வைத்துப் பார்த்தாள். மின்சாரம் சரி. ஃபேனை நிறுத்தினாள். ஃபிரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். ஜன்னலைச் சாத்தினாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விசில் இறங்கியது.

சட்டென்று இல்லை. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் குரல் மாதிரி, சரிந்து, ஓரிடத்தில் நின்றது. அந்தத் தணிந்த சுருதியிலேயே கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஏறிப் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"வந்தாச்சு, போயாச்சு" என்றார் டெய்லரம்மா, அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதைச் சொல்கிற மாதிரி.

ரிப்பேர்க்காரி குனிந்து மேசைக்கு அடியில் போனாள். பெட்டியின் முதுகில் ஏரியல் கம்பி ஒன்று, எர்த் கம்பி ஒன்று. அந்தக் குட்டி ஓட்டையில், கடைக்கு வந்தபோது காலியாக இருந்த இடத்தில், மூன்றாவதாக ஒரு கம்பி சொருகியிருந்தது.

"இது ஏதும்மா?"

"தெரியாது. பையன் பெட்டியைத் தூக்கும்போது பிடுங்கினது. திரும்பி வந்ததும் எது எங்கே இருந்துச்சோ அங்கேயே மாட்டிட்டேன். அவர் வச்சதை மாத்தினா அவருக்குப் பிடிக்காது."

மீட்டர் சொருகும் ஓட்டை என்று விட்டுவிட்ட தன் பிசகு அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தாள். அது மேசைக்காலோடு இறங்கி, சுவரும் தரையும் சேர்கிற மூலையோடு ஓடி, அறையைச் சுற்றிக்கொண்டு, பின்னால் நடைக்கதவின் நிலையில் ஏறியது. நிலைக்கு அடித்த பெயின்ட்டையே அதன் மேலும் அடித்திருந்தது. நகத்தால் சுரண்டினால்தான் செம்பு தெரிந்தது. நிலையைச் சுற்றி மறுபக்கம் இறங்கி அங்கேயே முடிந்துபோயிருந்தது.

"அவர் வேலை பாக்கும்போது நீங்க இந்த வழியாத்தானே வருவீங்க?"

"வேற எந்த வழி? மெஷின் முன்னால கிடக்கு."

"வந்தா தெரியுமா அவருக்கு? காதுல ஹெட்போன் இருக்குமே."

டெய்லரம்மா சிரித்தார். "அதை ஏன் கேக்கிறே. முதுகுல கண்ணு அவருக்கு. நான் நிலைப்படியில கால் வைக்கிறதுக்குள்ள, திரும்பாமலே இடது கையைத் தூக்கிடுவார். 'வா'ன்னு அர்த்தம். ஒருநாள் தவறினதில்ல. என் வாசனைன்னார் ஒருதடவை. துணிக்கஞ்சி வாசனைதான் எனக்கு. ஆனா நம்பிட்டேன்."

"ஆரம்பத்துலேருந்தா?"

"ஆரம்பத்துல இல்ல. புதுசுல ஒருநாள் பின்னால வந்து தோளைத் தொட்டேன். பதறிப்போய், ஈயம் பத்தவைக்கிற சூட்டுக்கோலைத் தொடையில போட்டுக்கிட்டார். தழும்பு கடைசிவரைக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ரிப்பேர்க்காரியின் விரலுக்குக் கீழே மின்னிய செம்பைப் பார்த்தார்.

ரிப்பேர்க்காரி மெதுவாகச் சொன்னாள். மனுஷ உடம்பு இந்தக் கம்பிக்குப் பக்கத்தில் வந்தால் ஆஸிலேட்டருக்குச் சுமை கூடும்; சுமை கூடினால் சுருதி தணியும்; ஹெட்போனில் அவர் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அது ஒரு சரிவு சரியும். "நீங்க வர்றதுதான் அவர் காதுல இறங்கியிருக்கு."

டெய்லரம்மா நிலையை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"அப்போ அது பிரியம் இல்ல. கம்பி."

"கம்பி தானா வந்து ஒட்டிக்கலையேம்மா. யாரோ மண்டி போட்டு உக்காந்து இழுத்திருக்காங்க. பெயின்ட் வேற அடிச்சிருக்காங்க."

"கள்ளன்" என்றார் அவர். பிறகு நிலையிலிருந்து கையை எடுத்து, "சரி. நான் வந்தா இறங்கும். இப்போ நான் அங்கே நாற்காலியிலதானே உக்காந்திருந்தேன்? நிலையில யாரு?"

"சுவர்ல ஈரம் ஏறினாலும் அப்படித்தான் காட்டும். மழைக்காலம் பாருங்க."

"ஈரம் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போகுமா?"

ரிப்பேர்க்காரி உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த பலகை மாதிரி இருந்தது சுவர். கையை எடுத்துக்கொண்டாள்.

"போகட்டும்" என்றார் டெய்லரம்மா. "நீ படிச்ச வித்தை, நீ சொன்னா சரி. வெட்டிடு. எனக்கு நிம்மதி வேணுமா அவர் வேணுமான்னு என்னைக் கேக்காதே, பதில் தெரியலை. நான் போய் டம்ளரைக் கழுவி வைக்கிறேன். வந்ததும் கோளாறுதான்னு சொல்லு. பையனுக்கு ஃபோன் போட்டுடுறேன்."

சமையலறைக்குள் போய்விட்டார். குழாய் திறந்தது. இடது பக்க வாசல் வழியாக அவர் முதுகும், கழுத்துக்குப் பின்னால் தொங்கிய இஞ்ச் டேப்பும் தெரிந்தன.

ரிப்பேர்க்காரிக்கு ஒரு வழக்கம் உண்டு. எதை வெட்டினாலும் காதில் கேட்டுக்கொண்டே வெட்டுவாள். வெட்டிய கணத்தில் கோளாறு நின்றதா என்று காதுதான் சாட்சி சொல்லவேண்டும். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குழாய்ச் சத்தம் மறைந்தது, வெளியே பிடித்துக்கொண்ட மழையின் சத்தம் மறைந்தது, உலகத்தில் விசில் மட்டும் இருந்தது. வலது கையை மேசைக்குப் பின்னால் நீட்டி, மூன்றாவது கம்பியைக் கட்டரின் வாய்க்குள் பிடித்தாள். அழுத்தினால் போதும். சூட்கேஸ் கிளம்பிவிடும், மகன் நிம்மதியாகத் தூங்குவான், மருமகள் ஒழித்து வைத்த அறையில் ஆள் குடியேறும். எல்லாம் நல்லதுதான்.

விசில் இறங்கியது.

சமையலறையில் அந்த அம்மா தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பது கண்ணெதிரே தெரிந்தது. வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்கள். விசில் முன்னைவிடத் தாழ்வாக, முன்னைவிடப் பக்கத்தில் வந்து நின்றது. நின்றது, போகவில்லை. தோளைத் தொடலாமா, பதறுவாளோ என்று யோசிக்கிற நிற்பு. திரும்பிப் பார்க்கலாம். அதற்கு மேல் எளிதான காரியம் இல்லை.

அவள் திரும்பவில்லை. கட்டரையும் அழுத்தவில்லை. யாரும் சொல்லித்தராமல், அவள் நினைப்பைக் கேட்காமல், இடது கை நாற்காலியின் கைப்பிடியை விட்டு மெல்ல மேலே எழுந்தது.

சமையலறை வாசலில் டெய்லரம்மா வந்து நின்றார். தீர்ப்பைக் கேட்க வாயைத் திறந்தவர், அந்தத் தூக்கிய கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கைக்குப் பின்னால், நடைக்கதவைப் பார்த்தார். கழுவிய டம்ளரிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.