கிழக்குத் தெருவுக்கு ஒரு மரம்

1987, பங்குனி. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக அன்று சாலை மறியல். தெருவுக்கு ஒரு மரம் வெட்டிப் போட வேண்டும். மேற்குத் தெருக்காரர்கள் விடிவதற்குள் தங்கள் பக்கத்துச் சாலையில் ஒரு புளியமரத்தைச் சாய்த்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது கச்சிராயபாளையம் சாலை. பத்து மணி டவுன் பஸ்ஸை நிறுத்தாவிட்டால் கிழக்குத் தெருப் பொறுப்பாளர் வீரமுத்து அண்ணனின் மானம் போய்விடும்.

கோடாலி என் தோளில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் கொடுத்துவிட்டார்.

கண்ணாயிரம் மாமா தோட்டத்தில் மாமரம் இலை தெரியாமல் பூத்திருந்தது.

"பூத்த மரத்தயா வெட்டுவ? காய் பறிச்சிக்கிறேன், ஆடியில வா."

"ஆடியில போராட்டம் இருக்குமோ இன்னாவோ மாமா" என்றார் அண்ணன்.

இஞ்ஞாசியம்மாள் வீட்டில் முருங்கை வெள்ளையாகப் பூத்து நின்றது. "தாராளமா வெட்டிக்குங்க தம்பி. பஸ்ஸு ஏறுனா முறுக்கு மாதிரி நொறுங்கும், அவ்ளோதான்."

ராஜாங்கம் வீட்டு வேம்பின் அடியில் பூ உதிர்ந்து கிடந்தது. "ஆத்தாளுக்குக் காப்புக் கட்டிக்கீது. நீ வெட்டு, நான் பாத்துக்கினு நிக்கிறேன்" என்றார் அவர்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேப்பம்பூவைப் பார்த்தேன். எதையும் வெட்ட மனம் வராத மாதத்தில் மறியல் வைத்தது யார் என்று யோசித்துக்கொண்டே சாலைக்கு நடந்தேன்.

சாலையோரப் புங்கமரம் தார் தெரியாமல் பூவைப் பொரியாக இறைத்திருந்தது. கிளையில் பானை அளவு தேன்கூடு. அதையும் வெட்ட முடியாது. மணி பத்தாகப் பத்து நிமிடம்.

"மரம் இல்லன்னா இன்னா? நான் படுக்கறேன்!" என்று அண்ணன் நடுச்சாலையில் மல்லாந்தார். கைகளை மார்பில் கோத்துக் கண்ணை மூடினார். அவர் மேலும் பூ உதிர்ந்தது.

பஸ் வந்தது. இறைந்த பொரி, நீட்டிப் படுத்த ஆள், தலைமாட்டில் தலைகுனிந்து நான். டிரைவர் எஞ்சினை அணைத்து, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். பயணிகளும் இறங்கினார்கள்.

"எப்ப ஆச்சு?" என்று கண்டக்டர் கேட்டார்.

நான் தலையை இன்னும் தாழ்த்தினேன். எழுந்தால் பஸ் போய்விடும் என்பது அண்ணனுக்கும் புரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டார்.

கூடையோடு வந்த ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "அம்பது வயசுல போயிட்டியே ராசா!"

"தொப்பயப் பாத்தா ஜாஸ்தி இருக்கும்" என்றார் பக்கத்தில் ஒருவர்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "முப்பத்தேழுதான்!"

முதலில் பஸ்ஸில் ஏறியது டிரைவர். திருப்ப இடமில்லாததால் பஸ் பின்பக்கமாகவே கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் வரை வேறு பஸ் வரவில்லை. மேற்குத் தெருப் புளியமரத்தையோ ஒன்பது மணிக்கே யாரோ டிராக்டரில் கட்டி இழுத்துப் போட்டிருந்தார்கள்.

தெருவே கைதட்டியது. அண்ணன் யாரையும் பார்க்காமல், தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.